நூறு வினாடிக்கு இருபது நிமிடம்

கிறேஸ் ஒரு நாளைக்கு ஐம்பது பேருடனாவது பேசுவாள். ஆனால் ஐம்பது பேரிடமும் பேசுவது ஒன்றைத்தான். "மூச்சை இழுத்துப் பிடியுங்கோ. அசையாதேங்கோ. சரி, விடுங்கோ." ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் இருபத்து மூன்று வருடமாக அதுதான் அவளுடைய வேலை. ஆட்கள் வருவார்கள், சட்டைப் பொத்தானைக் கழற்றுவார்கள், மூச்சைப் பிடிப்பார்கள், போய்விடுவார்கள். அவர்களுடைய விலா எலும்புகளை அவள் பார்த்திருப்பாள். முகங்கள் நினைவில் நிற்பதில்லை.

பாலையூற்றில் வீடு. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. தங்கை ஜெசிகா கனடாவில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிறேஸ் வீட்டுக்கு வந்ததும் ஜெசிகா தொலைபேசியில் அழைப்பாள். பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, பனி, பக்கத்து வீட்டுக்காரரின் நாய் என்று கொஞ்ச நேரம் போகும். "சரியக்கா, வைக்கிறன்" என்பாள். அதற்குப் பிறகு திங்கட்கிழமை காலைவரை கிறேஸின் வாயிலிருந்து ஒரு சொல்லும் வெளியே வராது. இதை ஒரு குறையாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கும் ஓர் ஆள் வேண்டுமே.

ஜெசிகா விட்டுப்போன பழைய கமரா ஒன்று அலுமாரியில் கிடந்தது. அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்குப் பிறகு கிறேஸ் அதை எடுத்துத் துடைத்தாள். கொழும்பிலிருந்து கறுப்பு வெள்ளைச் சுருள்களைத் தபாலில் வரவழைத்தாள். எக்ஸ்ரே படங்களை இருட்டறையில் கையால் கழுவிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் என்பதால், குளியலறையிலேயே ஃபிலிமைக் கழுவிக்கொள்ள அவளால் முடிந்தது. ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றியபோது கழித்து ஒதுக்கிய ஒரு வெளிச்சப் பெட்டியும், எலும்பு முறிவைப் பார்க்கிறபோது படத்தை மாட்டுவார்களே அந்தப் பெட்டி, அவளுடைய சாப்பாட்டு மேசையில் இருந்தது.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் துறைமுகப் பக்கம் போவாள். கமராவும் முக்காலியுமாக நிற்கும் ஒருத்தியை ஏன் தனியாக நிற்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

உட்துறைமுக வீதியில், வள்ளங்கள் கட்டும் இடத்துக்கு அப்பால், யாரும் பாவிக்காத ஒரு மரப்பாலம் கடலுக்குள் நீண்டு நிற்கிறது. ஊரில் அதைப் பழைய ஜெட்டி என்பார்கள். நுனியில் ஒரு தகரக் கொட்டில். அந்த ஜெட்டியை, சுற்றியுள்ள அலையெல்லாம் அடங்கிப் பாலாடைபோல ஆகிவிட்ட நிலையில், ஒரு படம் எடுக்க வேண்டும் என்பதே அவளுடைய ஆசை. அதற்குக் கமராவின் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்திருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் அப்படித் திறந்தால் ஃபிலிம் கருகிப்போகும் என்பதால் லென்சுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டினாள்.

எக்ஸ்ரே படிக்கும்போது முதல் மாதத்திலேயே ஒரு விதியைச் சொல்லித் தருவார்கள். கதிரின் அளவைப் பாதியாக்கினால் நேரத்தை இரட்டிப்பாக்கு; படம் மாறாது. அந்த விதியை நம்பித்தான் அவள் இத்தனை வருடம் வேலை செய்தாள். ஜெட்டியிலும் அதே கணக்கைப் போட்டு, நூறு வினாடி திறந்து வைத்தாள். கழுவிப் பார்த்தபோது வானம் மட்டும் லேசாக விழுந்திருந்தது. பலகையும் தூணும் கொட்டிலும் இருக்க வேண்டிய இடம் ஒன்றுமில்லாமல் தெளிந்த கண்ணாடிபோல இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். ஒளிமானியைச் சந்தேகித்தாள், கழுவும் மருந்தைச் சந்தேகித்தாள். கடைசியில் ஃபிலிம் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுத்தாளை முதன்முறையாக ஒழுங்காக வாசித்தாள். கணக்கு ஒரு வினாடி சொன்னால் இரண்டு வினாடி கொடு. பத்து சொன்னால் ஐம்பது. நூறு சொன்னால் ஆயிரத்து இருநூறு.

ஆயிரத்து இருநூறு வினாடி என்றால் இருபது நிமிடம். அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு தேடி வாசித்தாள். ஃபிலிமில் உள்ள வெள்ளித் துகள் ஒன்றில் தடம் பதிய வேண்டுமானால் வெளிச்சம் அதில் அடுத்தடுத்துச் சில தடவை பட வேண்டும். மங்கலான இடத்திலிருந்து வெளிச்சம் எப்போதாவது ஒருமுறைதான் வரும். முதலாவது பட்டு, இரண்டாவது வரத் தாமதமானால், முதலாவது வந்த அடையாளமும் அழிந்துவிடும். துகள் ஒன்றும் நடக்காததுபோலப் பழையபடி இருக்கும். அதனால்தான் வானம் விழுந்தது, தூண்கள் விழவில்லை. எக்ஸ்ரேயில் எல்லாம் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடுவதால் அவளுக்கு இது தெரிய வந்ததே இல்லை.

தை மாதத்து இரண்டாவது சனிக்கிழமை வானம் மூடிக் கிடந்தது. மழை இல்லை. நான்கு பன்னிரண்டுக்கு ஷட்டரைத் திறந்து, கொப்பியில் நேரத்தை எழுதிவிட்டு, கிறேஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஒரு மனிதன் அவளைக் கடந்து ஜெட்டியில் நடந்து போனான். கருநீலச் சட்டை, கறுப்புச் சாரம், கையில் ஒரு வெள்ளைப் பை. நுனிவரை போய்க் கொட்டிலின் நிழலில் குந்தினான். பையைப் பக்கத்தில் வைத்தான். அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நான்காவது சனிக்கிழமை இது. அவனே திரும்பிப் பார்த்துக் கமராவைக் கண்டான்.

"அக்கா, நான் மறைக்கிறனா?"

"பரவாயில்லை தம்பி. இருங்கோ."

"படத்தில நான் விழுந்திருவன்."

"விழமாட்டீங்கள்," என்றாள் கிறேஸ். "இருபது நிமிசம் திறந்து வைச்சிருக்கிறன். நிழலுக்குள்ள கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போறதெல்லாம் இதில பதியாது. நீங்கள் அங்க இருந்ததாகவே தெரியாது."

அவன் அதைக் கொஞ்சம் யோசித்தான். "அது சரி," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஏழு நிமிடம் இருந்தான். எழுந்து, வந்த வழியே நடந்து, முக்காலியில் முட்டாமல் விலகி அவளுக்குப் பின்னால் போனான். "வாறன் அக்கா," என்றான். கிறேஸ் மணிக்கூட்டைப் பார்த்துக் கொப்பியில் நேரத்தைக் குறித்தபடி தலையாட்டினாள். அவன் வீதிக்கு ஏறிவிட்ட பிறகுதான் பை அங்கேயே இருப்பதைக் கண்டாள். கூப்பிட்டிருக்கலாம். இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. பலகையில் இன்னொரு முறை நடந்தால் ஜெட்டி அதிரும், படம் கெடும். அதோடு, உண்மையைச் சொன்னால், அந்த இருட்டு மூலையில் ஒரு வெள்ளைப் பொட்டு இருப்பது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

ஷட்டரை மூடிய பிறகு போய்ப் பார்த்தாள். பேக்கரியில் வாங்கிய இரண்டு இறாத்தல் பாண், ஒரு சீப்பு வாழைப்பழம். திரும்பி வந்து எடுப்பான் என்று நினைத்துக் கொட்டிலுக்குள் தள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் ஜெசிகாவின் அழைப்பு முடிந்ததும் ஃபிலிமைக் கழுவினாள். வந்திருந்தது. ஒவ்வொரு பலகையும், தூணில் ஒட்டியிருந்த மட்டியும், கொட்டிலின் நெளிந்த தகரமும் வந்திருந்தன. கடல் மூடுபனியாகிக் கிடந்தது. வெளிச்சப் பெட்டியின் முன்னால் அவள் வெகுநேரம் இருந்தாள். யாருக்காவது காட்ட வேண்டும்போல இருந்தது. செல்போனில் அதைப் படம் பிடித்து, கறுப்பை வெள்ளையாக மாற்றி, ஜெசிகாவுக்கு அனுப்பினாள். ஜெசிகா ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினாள்.

புதன்கிழமை வெளிநோயாளர் பிரிவின் சுவரில் ஒரு துண்டுப் பிரசுரம் ஒட்டியிருந்தது. காணவில்லை. முகம்மது றம்ஸான், வயது முப்பத்தாறு, ஜமாலியா. சனிக்கிழமை பிற்பகல் பாண் வாங்கப் போனவர் வீடு திரும்பவில்லை. கருநீலச் சட்டை, கறுப்புச் சாரம். கீழே ஒரு தொலைபேசி எண். படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். தோளில் இருந்த குழந்தையை வெட்டியெடுத்திருந்தார்கள். சின்னக் கை ஒன்று மட்டும் கழுத்தில் மிஞ்சியிருந்தது.

கிறேஸ் எக்ஸ்ரே அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த எண்ணுக்கு அழைத்தாள்.

அன்று பின்னேரமே அவர்கள் பாலையூற்றுக்கு வந்தார்கள். றம்ஸானின் மனைவி சுஹைராவும் அவளுடைய தம்பி பஸ்லானும். அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் வந்த முதல் ஆட்கள் அவர்கள். கிறேஸ் குசினியிலிருந்து கதிரைகளைத் தூக்கி வந்து, தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"நாலு நாளா வள்ளம் விட்டுத் தேடுறம் மிஸ்," என்றான் பஸ்லான். "பாண் பை அந்தக் கொட்டிலுக்குள்ள கிடந்த. அதோட எல்லாரும் தண்ணியத்தான் பாக்காங்க."

கிறேஸ் கதிரையைத் துடைப்பதை விட்டு நிமிர்ந்தாள். "பையை உள்ளுக்கு வைச்சது நான்," என்றாள். "அவர் தண்ணிப் பக்கம் போகேல்லை. எனக்குப் பின்னால, ரோட்டுக்குத்தான் ஏறினவர்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நாலு இருபத்து நாலு. கொப்பியில நேரம் இருக்கு. அதுக்குப் பிறகும் நான் அரை மணித்தியாலம் அங்கதான் நிண்டனான். அவர் திரும்பி வரேல்லை."

பஸ்லான் எழுந்து, வாசலுக்குப் போய், யாருக்கோ தொலைபேசியில் பேசத் தொடங்கினான். வள்ளத்தை நிறுத்தச் சொல்வது கேட்டது. சுஹைரா அசையவில்லை. முப்பது வயது இருக்கும். அழுது முடித்த முகம்.

"படம் எடுத்தெண்டு சொன்னீங்களே மிஸ். அதக் காட்டுங்க."

கிறேஸ் செல்போனில் இருந்ததைப் பெரிதாக்கிக் காட்டினாள். சுஹைரா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அவர் எங்க?"

"இந்த இடத்தில. கொட்டில் நிழலுக்குள்ள குந்தியிருந்தவர்."

"ஒண்டுமே தெரியலயே."

"தெரியாது தங்கச்சி. இருட்டான மூலை. ஏழு நிமிசந்தான் இருந்தவர். ஃபிலிமுக்கு அது காணாது."

"இந்த வெள்ளை?"

"பாண் பை."

சுஹைரா அந்தப் பொட்டின்மேல் விரலை வைத்தாள். படம் நகர்ந்துவிட்டது. கிறேஸ் அதைத் திரும்பவும் இருந்த இடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஐப்பசியில எங்கட மகள் மவுத்தாயிட்டா. நாலு வயசு. காய்ச்சல்," என்றாள் சுஹைரா. "அதுக்குப் பிறகு அவர் வாய் திறக்கிறதில்ல. வேலைக்குப் போவார், வருவார், இருப்பார். அண்டைக்கு நான்தான் கத்தின. பிள்ளை போனது உங்களுக்கு மட்டுமா எண்டு கேட்டன். ஏதாவது கதைங்க, கதைக்க ஏலாட்டி போய்ப் பாணாவது வாங்கிட்டு வாங்க எண்டன். உங்களோட கதைச்சவரா மிஸ்?"

"மறைக்கிறனா எண்டு கேட்டவர். பரவாயில்லை எண்டனான்." கிறேஸ் அங்கே நிறுத்தினாள். மிச்சத்தை விட்டுவிட்டாள். "போகேக்க, வாறன் அக்கா எண்டு சொன்னவர்."

"வாறன் எண்டா?"

"ஓம்."

"போறன் எண்டு சொல்லலியே?"

"இல்லை. வாறன் எண்டுதான்."

யாரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் சுஹைரா தலையாட்டிக்கொண்டாள். தேத்தண்ணீர் போட்டுத் தருகிறேன் என்று கிறேஸ் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டு, போகும் வழியில் நின்று அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு கிறேஸ் நெகட்டிவை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு இருந்தாள். பையை ஒட்டியிருந்த நிழலில் ஒரு தோள் இருப்பதுபோல இருந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் வெறும் துகள். இருபத்து மூன்று வருடம் மயிரிழை விரிசல்களைக் கண்டுபிடித்த கண் அது. அன்று அதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

நீங்கள் அங்க இருந்ததாகவே தெரியாது. சொன்னபோது அது வெறும் விளக்கம். இப்போது வேலைக்கு நடுவில், பேருந்தில், குசினியில், எந்த நேரமும் அவளுடைய குரலிலேயே கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு அவன் எங்கே போயிருப்பான்? பூசையில் முழங்காலில் இருந்தபோது அவனுடைய பெயரைச் சொன்னாள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை கமராவை எடுக்காமல் ஜெட்டிக்குப் போனாள். நுனிவரை நடந்து, அவன் குந்தியிருந்த இடத்தில் இருந்து, மணிக்கூட்டில் ஏழு நிமிடம் பார்த்தாள். கரையில் நின்றபோது அது சின்ன நேரமாக இருந்தது. இங்கே தண்ணீர் தூணில் மோதி மோதித் திரும்பியது, தகரம் கிறீச்சிட்டது, ஒரு காகம் வந்து பார்த்துவிட்டுப் போனது. இன்னும் மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் யாராவது வந்து குந்தினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவனுக்கும் தோன்றியிருக்கும். அவள் இருபது அடி தூரத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்லான் பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு நடத்துநராகப் பிடித்து அந்தத் துண்டுப் பிரசுரத்தைக் காட்டினான். நான்கரைக்குப் புறப்பட்ட கண்டி பஸ்ஸின் நடத்துநருக்கு ஞாபகம் இருந்தது. எங்கே போக வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாத ஆள். வழியில் கப்பல்துறை என்ற ஊரில் வேறு யாரோ இறங்கியபோது தானும் இறங்கியவன். கப்பல்துறையில் விசாரித்தபோது, சீமெந்துக் கல் அறுக்கும் இடத்தில் புதிதாக ஓர் ஆள் வேலைக்கு நிற்பதாகச் சொன்னார்கள். ஊமையாக்கும் என்று முதலாளி நினைத்திருந்தார்.

பஸ்லான் உள்ளே போகவில்லை. சுஹைராவைக் கூட்டி வந்தான். அவள் வாசலில் கிடந்த மணல் குவியலில் இருந்தாள். வேலை முடியும்வரை இருந்தாள். றம்ஸான் கை கால் கழுவிக்கொண்டு வெளியே வந்து அவளைக் கண்டான். அவனும் அந்த மணலில் இருந்தான். பிறகு இரண்டு பேரும் கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள். இதையெல்லாம் சுஹைரா மறுநாள் தொலைபேசியில் கிறேஸுக்குச் சொன்னாள்.

"அவர் கதைச்சவரா?" என்று கிறேஸ் கேட்டாள்.

"மகள்ட பேரச் சொன்னார். அது போதும் மிஸ்."

கிறேஸ் ஒரு மாதம் போகவிட்டாள். அவர்களை நிம்மதியாக இருக்க விட வேண்டும் என்பது ஒரு காரணம். பயம் மற்றது. அவர்களுடைய நோன்பு தொடங்கி நான்கைந்து நாள் கழித்து ஒரு பின்னேரம், வேலை முடிந்த கையோடு ஜமாலியாவுக்குப் போனாள். றம்ஸான் வாசலில் வள்ளத்து எஞ்சின் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு இருந்தான். மெலிந்திருந்தான். எழுந்து கையைத் துணியில் துடைத்தான்.

"கதிரையில இருங்க," என்றான். "சுஹைரா, ஆரோ வந்திருக்காங்க."

"என்னைத் தெரியுதா தம்பி?"

அவன் மரியாதையாகப் பார்த்தான்; தெரியவில்லை என்பது தெரிந்தது. சுஹைரா வந்து சொன்ன பிறகுதான், "ஓ, அந்தப் படம் எடுத்த மிஸ்," என்றான். மனைவி சொல்லித் தெரிந்துகொண்டதை அவன் சொன்னான்.

கிறேஸ் வழி முழுக்க ஆயத்தப்படுத்தி வந்ததைச் சொன்னாள். "அண்டைக்கு நான் உங்களுக்கு ஒண்டு சொன்னனான். நீங்கள் அங்க இருந்ததாகவே தெரியாது எண்டு. நான் படத்தைப் பற்றித்தான் சொன்னது. ஆனால் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. அதுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் வந்தனான்."

றம்ஸான் புருவத்தைச் சுருக்கி யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"அப்பிடிச் சொன்னீங்களா?" என்றான். "எனக்கு ஞாபகம் இல்ல அக்கா. ஜெட்டிக்குப் போன ஞாபகம் இருக்கு. தண்ணி ஞாபகம் இருக்கு. அங்க ஆரும் நிண்ட மாதிரியே எனக்கு இல்ல."

அவன் பொய் சொல்லவில்லை. ஆறு வாரமாக அவளை உறங்கவிடாத சொல் அவனிடம் போய்ச் சேரவே இல்லை. கிறேஸுக்கு முதலில் பெரிய ஆறுதலாக இருந்தது. மார்பிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. இறங்கிய இடம் வெறுமையாகிவிட்டதையும் அவள் உணர்ந்தாள். இந்த ஆறு வாரமும் அவள் ஒருவனோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவன் அங்கே இல்லை.

"நல்லது தம்பி," என்றாள். "ஞாபகம் இல்லாதது நல்லது."

நோன்பு திறக்கிற நேரம் நெருங்கியது. அவள் எழுந்தபோது சுஹைரா ஓடிப்போய் மூடியுள்ள ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்தாள். "வீட்ட போய் ஆறாமக் குடிங்க மிஸ். தனிய இருக்கிற ஆள், இண்டைக்குச் சமைக்க வேணாம்." றம்ஸான் வீதிவரை வந்து முச்சக்கரவண்டி பிடித்துக் கொடுத்தான்.

பாலையூற்றில் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கிறேஸ் வெளிச்சப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு மேசையில் இருந்து கஞ்சியைக் குடித்தாள். இஞ்சியும் தேங்காய்ப்பாலும் மணத்தன. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அது ஒன்பது நாள் அங்கேயே இருந்தது. வெறும் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. என்ன வைத்துக் கொடுப்பது என்று யோசிப்பதிலேயே நாள் போனது. கடைசியில் பேரீச்சம்பழம் வாங்கி நிரப்பிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் ஜமாலியாவுக்குப் போனாள். வீடு பூட்டியிருந்தது. எஞ்சினையும் வாசலில் காணவில்லை. அவர்கள் கிண்ணியாவுக்கு, றம்ஸானின் உம்மா வீட்டுக்கு நோன்பு திறக்கப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் சொன்னாள்.

கிறேஸ் கிண்ணத்தை அவளிடம் நீட்டினாள். அந்தப் பெண் வாங்கிக்கொண்டு, மூடியைத் திறந்து பார்த்து, திரும்பவும் மூடினாள்.

"ஆர் தந்தெண்டு சொல்ல?"

ஆஸ்பத்திரி மிஸ் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"கிறேஸ் எண்டு சொல்லுங்கோ," என்றாள். "பாலையூற்றுக் கிறேஸ்."